வார்டு தேர்தலுக்கும் வாருங்கள்: தியாகராயநகர், மேற்கு மாம்பலம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த வேண்டுகோளை எழுதும் எங்களுக்குள் தி.மு.க.வுக்கு வாக்களிப்பவர் உண்டு, அ.தி.மு.க.வுக்கும் பா.ஜ.க.வுக்கும் இடதுசாரிகளுக்கும் வாக்களிப்பவரும் உண்டு. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க நாங்கள் வரவில்லை. சென்னை மாநகராட்சியின் இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது. அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த வார்டு தேர்தலில் நம் தெருக்காரர்கள் வாக்குச்சாவடிக்கு வரவேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பத்தே மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. நகரத்து வாக்காளர் பட்டியலே ஓட்டை, இறந்தவரும் வீடு மாறியவரும் அதில் நிறைந்திருக்கும்போது சதவீதத்துக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025 டிசம்பரில் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. சென்னைக்காரன் சோம்பேறி என்று ஆண்டுதோறும் சொல்லப்படும் பழியில் பாதிக்குமேல் பட்டியலின் பிழையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிழை 2021-லும் இருந்தது, 2022-லும் இருந்தது. பத்து மாதத்தில் பட்டியல் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. மாநகராட்சியின் எல்லையும் அந்த 59 சதவீதக் கணக்கின் எல்லையும் அச்சாக ஒன்றல்ல என்பதைக் கழித்துப் பார்த்தாலும் பதினைந்து சதவீதப் புள்ளி வீழ்ச்சிக்கு அது போதாது. கொரோனா அச்சம் என்றால், 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது, அப்போது வந்தோமே! விடுமுறை கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, 2022-இல் தேர்தல் நடந்தது சனிக்கிழமை. அதே நாளில் கரூர் மாவட்டத்து நகரவாசிகள் 76 சதவீதம் பேர் வாக்களித்திருக்கிறார்கள்.

ஆக, கோட்டையில் யார் அமர்வது என்றால் வருகிற நாம், நம் வார்டில் யார் அமர்வது என்றால் வருவதில்லை. கட்சிச் சார்பு நம்மைச் சட்டமன்றத் தேர்தலுக்கு இழுத்துப் போகிறது. கவுன்சிலர் பதவி என்று வரும்போது, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அதில் இருப்பதெல்லாம் நம் வாசலைத் தொடுகிறவை: மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, நடைபாதை, மாநகராட்சிப் பள்ளி. சொத்து வரி உயர்வை அரசு அறிவித்ததும் அது மாநகராட்சி மன்றத்தின் தீர்மானத்துக்கு வந்ததும், அந்த மன்றம் பொறுப்பேற்ற அதே 2022-இல்தான். 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் வரை உயர்வு. அதை ஆதரித்தவரோ எதிர்த்தவரோ, நூற்றில் 56 பேர் வராத ஒரு தேர்தலில் தேர்வானவர். கவுன்சிலரே இல்லாமல் இருப்பது எப்படி என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னைக்கு மன்றமே கிடையாது, தனி அலுவலரின் ஆட்சி. 2021 நவம்பர் மழையில் தியாகராயநகர்த் தெருக்கள் தண்ணீரில் நின்றபோது, வார்டின் பெயரால் கேட்கவோ பதில் சொல்லவோ தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. ஐந்தாண்டுக்கு மேல் பறிபோயிருந்த உரிமை திரும்பி வந்த நாளில், நம்மில் பெரும்பான்மையோர் வீட்டிலேயே இருந்துவிட்டோம் என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

‘எங்கள் கட்சி இங்கே ஜெயிக்காது, பிறகு எதற்கு வரிசையில் நிற்பது?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு முடிவுகளை நினைவூட்டுகிறோம். 2021-இல் தியாகராயநகர் தொகுதியில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு நடுவே, தி.மு.க. வேட்பாளர் வென்றது 137 வாக்குகளில். நடுத்தரமான ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை ஓட்டு இருக்கும். மறு ஆண்டு மாநகராட்சியின் 200 வார்டுகளில் 153-ஐ தி.மு.க. தனியாகவே பிடித்தது, ஆனால் மேற்கு மாம்பலத்து 134-ஆவது வார்டு பா.ஜ.க.வுக்குப் போனது. நகரம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தாலும் வார்டு வேறு பக்கம் சாயும் என்பதற்கு வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை. ‘இது இன்னாரின் கோட்டை’ என்ற பேச்சுக்கு வந்து போட்டவர்களின் ஓட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. எல்லாரும் ஒன்றுதான் என்ற கோபத்தில் வராமல் இருப்பவர்களையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்தக் கோபம் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. மதியத் தூக்கத்தில் இருந்துவிட்டவருடைய கணக்கும் அவர்களுடைய கணக்கும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம், போட்டோமா இல்லையா என்பது ரகசியமே அல்ல. சாவடியில் உட்கார்ந்திருக்கும் முகவர்கள் கையிலுள்ள பட்டியலில் வந்தவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். எந்தத் தெரு வராது என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும். வராத தெருவுக்கு அடுத்த ஐந்தாண்டில் அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

சொந்த ஊரில் ஓட்டு வைத்திருப்பவர்களின் ஊர்ப்பற்று எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் குடிப்பதும் குளிப்பதும் இந்த ஊர்த் தண்ணீர் என்றால், பெயரை இங்கே மாற்றிக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. மாநகராட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்தே தயாராகிறது. எனவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே உங்கள் வீட்டார் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6, முகவரி மாறியிருந்தால் படிவம் 8. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் முதியவரின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தியாகராயநகர், மேற்கு மாம்பலம் பகுதிவாசிகள்