"சூன்" என்றால் எப்போது?

ஆங்கிலத்தில் "சூன்" என்று ஒரு சின்னச் சொல் உண்டு. "சீக்கிரம்", "விரைவில்" என்று அதற்குப் பொருள்.

ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதன் பொருளே வேறு. அன்று அதை "சோனா" என்றார்கள். "உடனே, இந்த நொடியே" என்பதுதான் அதன் பொருள்!

பொருள் ஏன் மாறியது? "உடனே" என்று சொன்னவர்கள் உடனே வரவில்லை. சொல் தேய்ந்து போயிற்று.

"உடனே" என்று பொருள் தந்த "அனான்" என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஷேக்ஸ்பியரின் "நான்காம் ஹென்றி" நாடகத்தின் முதல் பாகம் 1598-ல் அச்சாயிற்று. அதில் மதுக்கடைப் பையன் ஒருவன் வருகிறான். கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சொல்லையே பதிலாகச் சொல்கிறான். ஆள்தான் வந்தபாடில்லை!

"பிரசென்ட்லி" என்ற சொல்லுக்கும் முதலில் "உடனே" என்றே பொருள். பிறகு அதுவும் "சற்று நேரத்தில்" என்று ஆகிவிட்டது.

மூன்று சொற்களும் தேய்ந்தன. குற்றம் சொல்லின் மேல் இல்லை. சொன்னபடி நடக்காதவர்கள் மேல்தான்.

தமிழ் வீடுகளில் "இதோ" என்ற சொல் இருக்கிறது. "இதோ வந்துவிடுகிறேன்" என்று அப்பா சொல்லிவிட்டுப் போகிறார். குழந்தை வாசலில் காத்து நிற்கிறது. "இதோ" என்றால் என்ன பொருள் என்பதை, அப்பா திரும்பி வரும் நேரம்தான் அதற்குக் கற்றுக் கொடுக்கும்.