குருதிக்குள் ஒரு காவற்படை

மரக்கறி அரியும் வேளையில் கத்தி விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. குருதி கசிகிறது. ஒருவர் கோப்பித்தூளைக் கொண்டுவந்து அப்புகிறார். இன்னொருவர் துணியைச் சுற்றுகிறார். சில நிமிடங்களில் கசிவு நின்றதும், கோப்பித்தூளின் மகிமை என்று மெச்சிக்கொள்கிறோம். மெய்யாகவே அவ்வேலையைச் செய்து முடித்தவை நம் குருதியிலேயே காவல் புரியும் சிறுதட்டுகளாகும். அவற்றைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

குருதியிற் செங்குழியங்களும் வெண்குழியங்களும் உண்டென்பதை மாணவர் அனைவரும் அறிவர். இவற்றோடு கூடவே, செங்குழியத்தின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயுடைய நுண்ணிய தட்டுகளும் மிதந்து செல்கின்றன. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரையான தட்டுகள் இருத்தல் இயல்பு. இவை முழுமையான கலங்கள் அல்ல. என்பு மச்சையிலுள்ள பெருங்கலங்களிலிருந்து பிரிந்து வரும் துணுக்குகளே இவை என்பதை 1906இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹோமர் றைற் விளக்கினார். இவற்றுக்குக் கரு இல்லை. ஆயுளும் ஏழு முதல் பத்து நாட்களே.

இத்தட்டுகளை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. குருதி உடலை விட்டு வெளியேறியதும் இவை விரைவில் உருக்குலைந்து விடுவதே அதற்கொரு காரணம். இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியர் ஜூலியோ பிற்சோசேரோ, உயிருள்ள சிறு விலங்குகளின் மெல்லிய குருதிக்கலன்களையே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். கலனின் சுவர் காயமுற்ற இடத்தில் முதன்முதல் வந்து ஒட்டிக்கொள்பவை இத்தட்டுகளே என்பதைக் கண்டு, 1882இல் விரிவாக எழுதினார்.

காயத்தின்போது நிகழ்வது யாது? சுவர் கிழிந்ததும் அதனுள் மறைந்திருந்த நார்ப்பொருள் வெளிப்படுகிறது. சிறுதட்டுகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. வடிவம் மாறிக் கால்களை நீட்டுகின்றன. சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து ஏனைய தட்டுகளையும் அழைக்கின்றன. கணப்பொழுதில் ஓர் அடைப்பு உருவாகிறது. பின்னர் குருதி நீர்ப்பாயத்திலுள்ள புரதமொன்று பைபிரின் என்னும் நூலிழைகளாக மாறி, அவ்வடைப்பின்மீது வலைபோற் பின்னி அதனை உறுதியாக்குகிறது.

விரலில் நிகழ்ந்தால் உயிர்காக்கும் இச்செயல், இதயத்தின் நாடியில் நிகழ்ந்தால் உயிரையே கவரலாம். நாடிச் சுவரிற் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது, தட்டுகள் அதனையும் காயமென்றே கருதிக் கூடுகின்றன. குருதியோட்டம் தடைப்பட, மாரடைப்பு நேர்கிறது. காவலன் கடமையைத்தான் செய்கிறான், இடந்தான் பிழைத்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் தேடிய கதையும் சுவையானது. கலிபோர்னியாவில் லோறன்ஸ் கிறேவன் என்ற வைத்தியர், தொண்டைச் சதை அகற்றப்பட்டோரிற் சிலருக்குக் குருதி பெருகுவதை அவதானித்தார். நோவைத் தணிக்க அவர்கள் அஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை அளவின்றி மென்றிருந்தனர். குருதி உறைவதை அஸ்பிரின் தடுக்குமாயின் மாரடைப்பையும் தடுக்குமன்றோ என அவர் எண்ணினார்; 1950இல் எழுதியும் வைத்தார். ஒப்பிட்டு நோக்க வேறொரு குழு அவரிடம் இல்லாமையால், அவர் கூற்றை அன்று பலர் ஏற்கவில்லை. 1957இல் அவர் மறைந்தார்.

அஸ்பிரின் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள்களின் ஆக்கத்தைத் தடுப்பதை 1971இல் ஜோன் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். சிறுதட்டுக்குக் கரு இல்லையாதலால், அஸ்பிரினால் முடங்கிய நொதியத்தை அது புதிதாக ஆக்க இயலாது. தன் வாழ்நாள் முழுவதும் முடங்கியே கிடக்கும். 1988இல் வெளியான பேராய்வொன்றில் மாரடைப்பு ஐயமுற்ற 17,187 பேர் பங்குபற்றினர். ஐந்து வாரங்களில் இதய, குருதிக்கலன் நோய்களால் இறந்தோர், அஸ்பிரின் பெற்றவருள் 804 பேர். பெறாதவருள் 1,016 பேர்.

அப்படியாயின் நாமெல்லோரும் நாள்தோறும் ஒரு வில்லையை விழுங்கலாமா? கூடாது. நோயற்ற முதியோரிடையே நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வொன்று, அதனால் நலமிக்க வாழ்நாள் நீளவில்லை என்றும், கடுங்குருதிப் பெருக்கு மிகுந்தது என்றும் கண்டது. மாரடைப்புக்கு ஒருமுறை ஆளானவர் வைத்தியர் சொற்படி உட்கொள்வது வேறு. அயலவர் சொற்கேட்டு உட்கொள்வது வேறு. வைத்தியர் தந்ததைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

நம் நாட்டினருக்கு இன்னுமொரு எச்சரிக்கை. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்நோயிற் சிறுதட்டுகளின் தொகை வெகுவாகக் குறையும். எஞ்சிய காவலரையும் அஸ்பிரின் முடக்கிவிட்டால் குருதிப் பெருக்கு நேரலாம். இபுபுரோபனும் ஆகாது. ஆகவே, காரணம் தெரியாத காய்ச்சலுக்கு உரிய அளவிற் பரசிற்றமோலைக் கொடுத்து, நோயாளியைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுவதே அறிவுடைமை. காய்ச்சல் தணியும் வேளையே டெங்கில் ஆபத்து மிகுந்த வேளை என்பதையும் தாய்மார் மறத்தலாகாது.

அடுத்த முறை விரலிற் காயம்பட்டால், தூய நீரால் கழுவித் தூய துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிப்போம். எஞ்சியதைச் சிறுதட்டுகள் பார்த்துக்கொள்ளும். கோப்பித்தூள் கோப்பைக்கே உரியது.