ஹாலோவீன் கொண்டாடலாமா?



சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலை, கல்லறைகளை மந்திரித்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. நம் பங்கில் திருமணம் முடித்துச் சென்ற சகோதரி பேசினார். அக்டோபர் 31 இரவு தம் இரு பிள்ளைகளுக்கும் வேடமிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளில் இனிப்பு வாங்க அழைத்துச் சென்றிருக்கிறார். படத்தைப் பார்த்த இங்குள்ள மாமியார், "பேய்த் திருவிழாவுக்கா என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போன?" என்று அழுதிருக்கிறார். அங்குள்ள செபக்குழுவிலும் சிலர் கடிந்துகொண்டனராம். "ஃபாதர், நாங்க செஞ்சது பாவமா?" என்று கேட்டார்.

வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் எழும் கேள்வி இது. சற்றுச் சிந்திப்போம்.

'ஹாலோ' என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்தைய மாலை என்பதே 'ஹாலோவீன்' எனச் சுருங்கியது. நவம்பர் 1-இல் அப்பெருவிழாவைக் கொண்டாடும் வழக்கம், திருத்தந்தை நான்காம் கிரகோரியின் காலத்தில் 835-இல் பிராங்க் பேரரசெங்கும் பரவியது. அயர்லாந்தில் அதே பருவத்தில் பழைய கெல்ட் மக்களின் விழா ஒன்று இருந்ததும், அதன் பழக்கங்கள் கலந்ததும் உண்மையே. இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று ரொட்டி பெற்று, அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபித்தனர். 1840-களின் கொடிய பஞ்சத்தில் அயர்லாந்து மக்கள் பெருந்திரளாக அமெரிக்கா சென்றபோது இவ்விழாவும் அவர்களோடு கடல் கடந்தது. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்கள், அங்கே பரங்கிக்காயைக் குடைந்தார்கள்.

அப்படியானால் எதிர்ப்போரின் அச்சம் வீணானதா? இல்லை. குறி பார்த்தல், மாந்திரீகம், இறந்தோரின் ஆவிகளை அழைத்தல் ஆகியவற்றைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகத் தடைசெய்கிறது (எண்கள் 2116, 2117). இவற்றை விளையாட்டுக்கென்றும் செய்யக்கூடாது. கொடூரத்தை ரசிக்கப் பழக்கும் வேடங்களும் வேண்டாம். வணிகத்தின் பிடியையும் மறக்கலாகாது. 2023-இல் அமெரிக்காவில் மட்டும் இவ்விழாவுக்கு ஏறத்தாழ 1,220 கோடி டாலர் செலவாகும் என அந்நாட்டுச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்தது.

ஆனால் வேடமிட்டு இனிப்பு வாங்கும் குழந்தை எந்த ஆவியையும் வணங்கவில்லை. நம் ஊரில் புதுவீடு கட்டியவர், கண்ணேறு படுமென அஞ்சி முகம் வரைந்த பூசணிக்காயைத் தொங்கவிடுகிறார். அங்கே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே பரங்கிக்காயில் முகம் செதுக்குகிறது. முன்னவர் தம் பாதுகாப்பை அந்தக் காயிடம் தேடுகிறார், குழந்தையோ விளையாடுகிறது. நம் நம்பிக்கை யார்மீது இருக்கிறது என்பதைத்தான் ஆண்டவர் பார்க்கிறார்.

கொரிந்து நகரிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கேட்டவர்களிடம், சிலை என்பது ஒன்றுமில்லை என்றார் புனித பவுல். ஆயினும் உங்கள் உரிமை வலுவற்ற சகோதரருக்கு இடறலாகாதபடி பாருங்கள் என்றும் எச்சரித்தார் (1 கொரி 8). உண்பவர் உண்ணாதவரை இழிவாக எண்ணலாகாது, உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடலாகாது என்பது உரோமையருக்கு அவர் தந்த அறிவுரை (உரோ 14). இரு பக்கத்தாருக்கும் இதில் பாடம் உண்டு.

எனவே அந்தச் சகோதரியிடம், "பாவமில்லை அம்மா, ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள்" என்றேன். கனடாவில் நவம்பர் 1 கடன் திருநாள் அல்ல. இருந்தாலும் பிள்ளைகளோடு திருப்பலிக்குச் செல்லுங்கள். முந்தின இரவு தெருவெல்லாம் சுற்றிய குடும்பம் மறுநாள் ஆலயத்தில் இல்லையென்றால், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். இரண்டாவது, நவம்பர் 2-இல் இறந்துபோன தாத்தாவின் படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூன்றாவது, கிடைத்ததைப் பகிரக் கற்றுக்கொடுங்கள். 1950-இல் பிலடெல்பியாவில் சில சிறுவர்கள் இனிப்புக்குப் பதிலாகச் சில்லறைக் காசு திரட்டி யுனிசெஃப்புக்கு அனுப்பினார்கள்.

மாமியாரையும் போய்ச் சந்தித்தேன். பிள்ளைகளின் விசுவாசம் எங்கே போய்விடுமோ என்ற பாசத்தில் பிறந்தது அவரது கோபம். நான் சொன்னதை முழுவதும் ஏற்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த ஞாயிறு தாமே அழைத்துப் பேசினாராம். தாத்தாவின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவரே சொன்னாராம்.

அன்பார்ந்தவர்களே, பிள்ளைகளை இருளிலிருந்து காப்பது நம் கடமை. அதன்பெயரால் குடும்பத்தின் அன்பை உடைத்துவிட வேண்டாம். தீர்ப்பிடுமுன் ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுக்கும் மனதை ஆண்டவர் நமக்குத் தருவாராக.