கம்ப்யூட்டர் யாரை எண்ணுகிறது?

காரியாபட்டி வட்டாரத்துக் கண்மாய்க்கரையில் மண்வெட்டியுடன் நின்ற நம் தாய்மார்களை, 2023 ஜனவரி 1 முதல், தினம் இரண்டு முறை செல்போன் போட்டோவுக்கு நிறுத்தினார்கள். நாடெங்கும் 100 நாள் வேலையில் இதே உத்தரவு. நிர்வாகத்துக்கு ஏற்ற கருவி என்றார்கள். ஆம், ஏற்றதுதான்! யாருக்கு?

பழைய கதையைப் பாருங்கள். 2005ம் வருஷச் சட்டப்படி 15 நாளில் கூலி தரவேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு 5 பைசா நஷ்டஈடு. கம்ப்யூட்டர் என்ன செய்தது? கீழே ஆபீசில் பில் போடும்வரை ஆன தாமதத்தை எண்ணியது. அதன்பின் டில்லியில் பணம் முடங்கிய நாட்களை எண்ணவில்லை! மத்திய சர்க்கார் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2018ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று. யந்திரத்துக்கு எண்ணத் தெரியாதா? தெரியும். எண்ணச் சொல்லவில்லை!

மோசடியாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டது: சம்பந்தமில்லாத போட்டோக்கள்; போட்டோவையே போட்டோ எடுத்த போட்டோக்கள்! அத்தனையையும் பஞ்சாயத்தில் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க உத்தரவு. யந்திரத்தைக் காவல் காக்க மனிதன்!

ஆலைத் தோழர்களே! கேட்டில் நீங்கள் வைக்கும் கைரேகை, தாமதமாய் வந்த நிமிஷத்தைச் சொல்கிறது. ஓவர்டைம் பாக்கியைச் சொல்கிறதா?

யந்திரம் நம் பகையல்ல. அதை நம் பக்கம் மட்டுமே திருப்பி வைப்பதுதான் பகை. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்திலும் கைரேகையும் கண்காணிப்பும் உண்டு. ஆகவே நாம் கோருவது இதுதான்: நம் ஆஜரைப் போலவே, நம் கூலி எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்! சங்கமாய்த் திரண்டு கேட்போம்!