யாரும் கேட்காத வசதி

கம்ப்யூட்டர் கடைக்குப் போய் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? "எத்தனை டெராபைட்? என்ன விலை? எத்தனை வருட வாரண்டி?" பெரும்பாலும் இத்துடன் பேச்சு முடிந்துவிடும். "இது கெட்டுப் போனால் என் போட்டோக்கள் எப்படித் திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. லட்சக்கணக்கில் செலவு செய்து ஸ்டோரேஜ் சாப்ட்வேர் வாங்கும் நிறுவனங்களும் இப்படித்தான் நடந்து கொள்கின்றன. அதைத் தயாரிக்கும் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

இன்ஜினியரிங் முடித்ததிலிருந்து ஆறு ஆண்டுகளாக நான் இத்துறையில் வேலை செய்கிறேன். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க் இருக்கும். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் இருக்கும். அவற்றை ஒரே டிஸ்க் போலக் காட்டுவது, ஒன்று கெட்டால் மற்றவற்றிலிருந்து டேட்டாவைக் கொடுப்பது, தினமும் இரவில் பேக்கப் எடுப்பது ஆகியவைதான் ஸ்டோரேஜ் சாப்ட்வேரின் வேலைகள்.

ஒவ்வொரு புதிய பதிப்புக்கு முன்பும் எங்களுக்கு ஒரு பிரச்னை வரும். செய்ய வேண்டிய வேலைகள் நூறு இருக்கும். ஆட்களும் நாட்களும் பத்து வேலைக்குத்தான் போதும். எந்தப் பத்தை எடுப்பது?

முன்பு இன்ஜினியர்களாகிய நாங்களே முடிவு செய்தோம். எங்களுக்குச் சவாலாகத் தெரிந்ததை எடுத்துக் கொண்டோம். ஒருமுறை நான்கு மாதம் உழைத்து ஒரு வசதியை வேகப்படுத்தினோம். பிறகுதான் தெரிந்தது, அந்த வசதியை வாடிக்கையாளர்கள் எவரும் பயன்படுத்தவே இல்லை என்று.

அதன் பின் விற்பனைக் குழுவிடம் கேட்க ஆரம்பித்தோம். முறை எளிமையானது. வசதிகளின் பட்டியலை எக்செல் ஷீட்டில் போட்டு விற்பனையாளர்கள் அனைவருக்கும் அனுப்புவோம். ஒவ்வொருவருக்கும் 100 மதிப்பெண்கள். அதை அவர்கள் விரும்பும் வசதிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் எது முதலிடம், எது கடைசி என்று தெரிந்துவிடும்.

இதனால் நன்மை கிடைத்தது என்பதை மறுக்க மாட்டேன். மூத்த விற்பனையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, உங்க சாப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்ஸ்டால் பண்ணவே ரெண்டு நாள் ஆகுது. டெமோ முடியறதுக்குள்ள கஸ்டமர் எழுந்து போயிடறார்." எங்கள் மேஜையில் உட்கார்ந்து கொண்டு இதை நாங்கள் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அடுத்த பதிப்பில் இன்ஸ்டால் செய்யும் நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தோம்.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. எடுத்த பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று சாப்ட்வேரே தினமும் சோதித்துச் சொல்லும் வசதி. இருபத்திரண்டு பேர் மதிப்பெண் போட்டதில் இதற்குக் கிடைத்தது மொத்தம் 14. வண்ண வண்ண வரைபடங்கள் காட்டும் திரையும், மொபைல் போனில் பார்க்கும் வசதியும் முன்னால் போயின. சோதனை வசதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். தள்ளலாம் என்று நானும் கை தூக்கினேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நூற்பாலையிலிருந்து போன் வந்தது. சர்வர் பழுதாகி, கணக்கு டேட்டாவைப் பேக்கப்பிலிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கடைசி மூன்று வாரப் பேக்கப்புகள் எதுவும் திறக்கவில்லை. கணக்கு எழுதும் சாப்ட்வேர் இயங்கிக் கொண்டிருக்கும்போதே பைல் பாதியும் மீதியுமாகக் காப்பி ஆகியிருந்தது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் என்னிடம் கேட்டார்: "சார், ஸ்கிரீன்ல தினமும் பச்சை டிக் வந்துச்சே. அப்புறம் ஏன் பைல் திறக்கலை?"

அந்தப் பச்சை டிக்கைக் காட்டும் பகுதியை எழுதியது நான்தான். "காப்பி முடிந்தது" என்பதுதான் அதன் அர்த்தம். "காப்பி நன்றாக இருக்கிறது" என்று அர்த்தமில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆலையின் கணக்குப் பிரிவில் நான்கு பேர் பேப்பர் பில்களை வைத்துக் கொண்டு மூன்று வாரக் கணக்கை மீண்டும் டைப் செய்தார்கள்.

விற்பனையாளர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்கள் வாடிக்கையாளரைப் பார்ப்பது வாங்குவதற்கு முன்பு. டேட்டா போவது வாங்கிய பின்பு. மேலும், செக்கில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். இரவில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். விற்பனையாளர் சந்திப்பது முதல் ஆளைத்தான். எனவே, ஒரு வசதியை யாரும் கேட்கவில்லை என்பதால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது.

இந்தத் தவறு சிறிய நிறுவனங்களில் மட்டும் நடப்பதல்ல. 2017 ஜனவரி 31 அன்று, சாப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் போல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டா போனது. அவர்களிடம் பேக்கப் முறைகள் பல இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. ஒரு பேக்கப் புரோகிராம், பதிப்பு பொருந்தாததால் தோற்றுக் கொண்டே இருந்தது. அதைச் சொல்லும் இமெயில்களும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது. இவை அனைத்தையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

என் கருத்து இதுதான். விற்பனைக் குழுவின் பட்டியல் அவசியம் வேண்டும். சாப்ட்வேர் விற்காவிட்டால் எனக்குச் சம்பளம் ஏது? ஆனால் அதன் அருகில் இரண்டாவது பட்டியல் ஒன்றும் வேண்டும். வாங்கிய பின் வாடிக்கையாளர்கள் எதற்காகப் போன் செய்தார்கள் என்று சப்போர்ட் பிரிவினர் தரும் பட்டியல் அது. டேட்டாவைப் பத்திரமாகத் திருப்பித் தரும் வேலைகளை ஓட்டுக்கே விடக் கூடாது. கார் வாங்கப் போகிறவர் மைலேஜும் நிறமும்தான் கேட்பார். அதற்காக பிரேக்கை அடுத்த ஆண்டு வைக்கலாம் என்று எந்தக் கம்பெனியாவது முடிவு செய்யுமா? எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு பதிப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை இந்த வேலைகளுக்கு ஒதுக்கி விடுகிறோம். அதில் முதலில் செய்தது, 14 மதிப்பெண் வாங்கிய அந்த வசதியைத்தான்.

இதில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் வாங்குபவரும் நீங்கள்தான், இரவில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் நீங்கள்தான். எனவே கடைக்காரர் சொல்லாததை நீங்களே கேளுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோ பேக்கப் சாப்ட்வேரோ வாங்கினால், பைலை எப்படித் திரும்ப எடுப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். பேக்கப் எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ்கள், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். மொபைல் போனும் இன்டர்நெட் சேமிப்பும் ஒன்றுக்கொன்று இணைந்திருப்பதைப் பேக்கப் என்று நினைத்து விடாதீர்கள். போனில் போட்டோவை அழித்தால் அங்கேயும் அழிந்து போகலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பேக்கப் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, ஏதாவது ஐந்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதியாக இருக்கலாம். திறக்காவிட்டால், அசல் பைல்கள் கையில் இருக்கும்போதே அதைத் தெரிந்து கொண்டீர்களே என்று சந்தோஷப்படுங்கள். அந்த நூற்பாலைக்காரருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.