செக்ரோலில் பெயர் இருந்தால் போதுமா?



செக்ரோல் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் விழாவிட்டால், எத்தனை மரம் வெட்டினாலும் அந்த நாள் கணக்கில் சேராது. பெயர் விழுந்தும் வெட்டுக்குப் போகாதவருக்கும் அதே கதிதான். வாக்காளர் பட்டியலும் ஒரு செக்ரோல்தான். ஆனால் அதை எழுதுகிற கிராணி நம் தோட்ட ஆபீசில் இல்லை, புத்ராஜெயாவில் இருக்கிறார். அவருக்கு நம் முகம் தெரியாது. அடையாள அட்டையில் உள்ள விலாசம்தான் தெரியும்.

2022 நவம்பர் 19ஆம் தேதி, 15ஆவது பொதுத்தேர்தல் நாளன்று, ஆயர் தாவாரில் ஓர் அக்காள் ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பட்டியலில் பெயர் இல்லை. “எம் பேரை யாரோ அடிச்சிட்டாங்க தம்பி” என்று நம்மிடம் அழாக்குறையாகச் சொன்னார். யாரும் அடிக்கவில்லை. அவர் பெயர் பேராக்கின் மறுகோடியில், பல வருடங்களுக்கு முன் விட்டு வந்த பழைய தோட்டத்தில் பத்திரமாக இருந்தது. கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்து வந்தவர் அவர். சட்டி பானை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், ஓட்டு வரவில்லை. அன்று அங்கே போய்வர வண்டியும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று நமக்கு வெட்கமாக இருந்தது. அவர் நம் சங்கத்தில் மாதச் சந்தா கட்டுகிறவர். அவருடைய அட்டையை முன்கூட்டியே வாங்கிப் பார்க்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

“இப்போதுதான் எல்லாம் தானாகப் பதிவாகிறதே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கிறார்கள். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்கள் தாமாகவே பட்டியலில் சேர்கிறார்கள். அதற்கு முன் 21 வயதானவர் தபால் நிலையத்துக்கோ உதவிப் பதிவாளரிடமோ போய்ப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை ஒழிந்தது நல்லதே. 2018இல் ஏறக்குறைய 1 கோடியே 49 இலட்சமாக இருந்த பட்டியல் 2022இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் ஓட்டுப் போட்டவர் விகிதமோ 82 விழுக்காட்டிலிருந்து சுமார் 74க்கு இறங்கியது. 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தலில் சுமார் 55 விழுக்காட்டினர்தாம் வந்தார்கள். பெயரைச் சட்டம் எழுதிவிடும். ஆளைச் சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

ஓட்டு நமக்குச் சும்மா கிடைத்ததன்று. 1955இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளரில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இந்தியர் இல்லை. நம்மவரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே கிடையாது. 1957 மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழிச் சோதனையில் விலக்கு இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் வீடு வீடாகப் போய் எழுதிக் கொடுத்த இடங்களில் மனுக்கள் போயின. எழுதிக் கொடுக்க ஆளில்லாத இடங்களில் ஆண்டு கழிந்தது. அந்த அலட்சியத்தின் மிச்சத்தைச் சில வீடுகளில் இன்றும் சிவப்பு அட்டையாகப் பார்க்கிறோம்.

இலங்கை மலையகத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்கள் கையிலிருந்த ஓட்டைப் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களுக்கென்று ஒருவர்கூட உள்ளே போகவில்லை. பட்டியலில் இல்லாதவன் பேச்சை எந்த மந்திரி காது கொடுத்துக் கேட்பான்?

நாம் சங்கத்தைக் கேட்பது பெரிய காரியம் அன்று. சம்பள நாள் மாலையில் கோயில் திடலில் ஒரு மேசை, கைபேசி தெரிந்த இரண்டு இளைஞர்கள், அவ்வளவுதான். அட்டை எண்ணைத் தட்டினால் ஓட்டு எந்த ஊரில் என்று தேர்தல் ஆணையத்தின் செமாக் பக்கம் சொல்லிவிடும். இடம் மாறியவர்கள் பதிவிலாகாவில் அட்டை விலாசத்தை மாற்ற வேண்டும். அதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், முடியவில்லை. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் தொகுதி மாற்றத்துக்கு ஆணையத்திடம் தனியாக மனுச் செய்ய வேண்டும். இதையும் தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப்போய்ச் செய்தால் பயனில்லை. இப்போதே செய்ய வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் கிராணிதான் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறோம். ஓட்டுப் போட நியாயமான நேரம் விடுவதும், அதற்காகச் சம்பளம் பிடிக்காமலிருப்பதும் முதலாளியின் கடமை என்று 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் சொல்கிறது. ‘பால் நிறுத்து முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று மேலிடம் சொன்னால், தலையாட்டிவிட்டு வருகைப் புத்தகத்தில் கோடு இழுப்பது நம் பேனாதான். அந்தப் பேனாவை அன்று ஒரு நாள் நிறுத்தி வைத்து, சட்டத்தை எடுத்துக் காட்டுவோம்.

வண்டிக்கும் கட்சிக்காரர்களை நம்ப வேண்டாம். அவர்கள் வேனில் ஏறினால் இறங்கும்போது கடன்பட்ட உணர்ச்சி வரும். லயத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்குச் சில வெள்ளி போட்டுப் போனால் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. யாருக்கு ஓட்டு என்பது அவரவர் விருப்பம். சங்கத்து மேசையில் அந்தப் பேச்சே எழக்கூடாது.

அந்த அக்காளின் அட்டை விலாசத்தை மாற்றி, மனுவும் போட்டுக் கொடுத்தோம். அவர் பெயர் இப்போது ஆயர் தாவாரில் இருக்கிறது. அவருடைய அண்ணனை அடுத்த வாரம் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அட்டை சிவப்பு. பிறப்புப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.