ஓட்டுக்கும் காகிதம்! மருந்துக்கும் காகிதம்!!

நமது நாட்டில் சில காலமாக இரண்டு விஷயங்களைப் பற்றிக் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி வைதுகொள்ளுகிறார்கள். ஒன்று, ஓட்டர் ஜாபிதாவில் யார் பேர் இருக்கலாம், அதற்கு என்ன தஸ்தாவேஜு காட்ட வேண்டும் என்பது. மற்றொன்று, ஏழைக்கு வைத்தியம் யார் செலவில், யார் பேரால் நடப்பது என்பது. இவை இரண்டும் வேறு வேறு சண்டை என்று பாமர மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொல்லுவதோ, இரண்டும் ஒரே சண்டைதான் என்பதாகும். “நீ யார் என்பதற்கு ருஜு கொண்டு வா, அப்புறம் உன் உரிமையைப் பற்றிப் பேசலாம்” என்று ஏழையைப் பார்த்துச் சொல்லுகிற குணம் இரண்டிலும் இருக்கிறது. காகிதம் வைத்திருக்கிறவன் மனிதன், வைத்திராதவன் சந்தேக ஆசாமி என்பதுதான் இதன் தத்துவம்.

முதலில் ஓட்டைப் பார்ப்போம். ஓட்டு என்பது இந்த நாட்டு ஏழைக்கு யாரும் தர்மமாகப் போட்ட பிச்சையல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. 1921-ல் சென்னை சட்டசபை பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தபொழுதும், சொத்துள்ள பெண்களுக்குத்தான் அது பயன்பட்டது. 1935-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகும் ஜனத்தொகையில் 100-க்குச் சுமார் 14 பேருக்குத்தான் ஓட்டு இருந்தது. மற்ற 86 பேரும் வரி கட்டவும், கைகட்டி நிற்கவும் பிறந்தவர்கள் என்பது அக்காலத்துப் பெரியமனிதர்களுடைய எண்ணம். 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவுதான், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று எழுதிற்று. “எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டா?” என்று அப்பொழுதும் சிலர் சிரித்தார்கள். 1951-52-ல் நடந்த முதல் எலக்ஷனில் சுமார் 17 கோடி ஓட்டர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆகையால் சர்க்கார், “படித்துவிட்டு வா” என்று அவர்களைத் திருப்பி அனுப்பாமல், படம் போட்ட சின்னங்களைக் கொடுத்தது. அதாவது, ஜனங்களுக்கு இல்லாத வசதியைச் சர்க்கார் செய்து கொடுத்ததே தவிர, வசதி இல்லை என்று உரிமையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

ஆனாலும் அந்த முதல் எலக்ஷனிலேயே ஒரு பெரிய அக்கிரமம் நடந்தது. வட இந்தியாவில் சுமார் 28 லட்சம் பெண்களின் பேர்கள் ஜாபிதாவிலிருந்து அடிக்கப்பட்டன. காரணம் என்ன? அவர்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. “இன்னான் பெண்சாதி”, “இன்னான் தாயார்” என்றே எழுதிக்கொடுத்தார்கள். பெண் தன் பேரை அன்னியனிடம் சொல்லுவது அடக்கமல்ல என்று அவளுக்குப் பழக்கியது யார்? மதமும், சாஸ்திரமும், குடும்ப கவுரவமும் அல்லவா? பேர் சொல்லாதே என்று கற்பித்ததும் ஆண் பிள்ளைகள்தான். பேர் சொல்லவில்லை என்று அடித்ததும் ஆண் பிள்ளைகள்தான். நடுவில் உரிமையை இழந்தவள் மாத்திரம் பெண்!

இனி இக்காலத்துக்கு வருவோம். 1993-ல் சேஷன் அவர்கள் தலைமை எலக்ஷன் கமிஷனராய் இருந்தபொழுது ஓட்டர்களுக்குப் படம் போட்ட அடையாளச் சீட்டு என்று ஒன்று வந்தது. சரி என்று வாங்கிக்கொண்டோம். பிறகு ஆதார் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டோம். 2025 ஜூனில் பீகாரில் “சிறப்புத் தீவிரத் திருத்தம்” என்று ஒன்றை எலக்ஷன் கமிஷன் தொடங்கி, அந்த அடையாளச் சீட்டும் போதாது, ஆதாரும் போதாது, வேறு 11 தஸ்தாவேஜுகளில் ஒன்றைக் காட்டு என்று சொல்லிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி வெளியான பீகார் நகல் ஜாபிதாவில் சுமார் 65 லட்சம் பேர்கள் காணாமற்போயின. யார் பேர் போயிற்று, என்ன காரணத்தால் போயிற்று என்று வெளியிடும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்ட பிறகுதான் காரணத்தோடு கூடிய ஜாபிதா வெளியில் வந்தது. ஆதாரையும் 12-வது தஸ்தாவேஜாக ஏற்றுக்கொள் என்று செப்டம்பரில் அந்தக் கோர்ட்டே சொல்ல வேண்டியிருந்தது. கோர்ட்டுக்குப் போக ஆள் இருந்ததால் இவ்வளவாவது ஆயிற்று.

அதே காரியம் 2025 நவம்பர் 4-ந் தேதி தமிழ் நாட்டிலும் ஆரம்பமாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில், வீட்டுக்குள் தண்ணீர் புகாமல் பார்ப்பதா, இருபது வருஷத்துக்கு முந்திய ஜாபிதாவில் தன் பேரோ தகப்பன் பேரோ எந்தப் பாகத்தில் இருந்தது என்று தேடுவதா என்று ஜனங்கள் திண்டாடினார்கள். டிசம்பர் 19-ந் தேதி நகல் ஜாபிதா வெளியாயிற்று. 6 கோடியே 41 லட்சமாய் இருந்தது 5 கோடியே 43 லட்சமாய் ஆயிற்று. சுமார் 97 லட்சம் பேர்கள் இல்லை! அவற்றில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்குச் சற்று மேல். மீதி சுமார் 66 லட்சம் பேரும் “விலாசத்தில் இல்லாதவர்கள், குடிபெயர்ந்தவர்கள்” என்று சொல்லப்பட்டது.

இதில் கட்சிகள் என்ன செய்தன? தி.மு.க., காங்கிரஸ், கம்யூனிஸ்டுகள் முதலியவர்கள் “ஓட்டைத் திருடுகிறார்கள்” என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் “போலி ஓட்டர் ஒழிகிறான்” என்று வரவேற்றார்கள். இவர்களுடைய யோக்கியதையைப் பற்றி இப்பொழுது நாம் வாதாட வரவில்லை. நமக்கு வேண்டியது விஷயம்.

செத்தவன் பேர் ஜாபிதாவில் இருக்க வேண்டுமென்று நாம் சொல்லுகிறோமா? இல்லை. ஒருவன் இரண்டு ஊரில் ஓட்டுப் போடலாமென்கிறோமா? அதுவும் இல்லை. செத்தவன் எழுந்து வருவான் என்கிற நம்பிக்கை புராணக்காரர்களுக்குத்தான் உண்டே தவிர, நமக்கு இல்லை. ஆனால், ஒன்று கேட்கிறோம். பிறப்பையும் இறப்பையும் பதிய வேண்டும் என்று 1969-ல் சட்டம் செய்தது யார்? சர்க்கார். இறப்புப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டிருப்பது யார்? சர்க்கார். அந்தப் புஸ்தகத்தைப் பார்த்து மாதாமாதம் ஓட்டர் ஜாபிதாவில் கோடு போட்டிருந்தால், 27 லட்சம் பிணங்கள் ஜாபிதாவில் எப்படிக் குடியிருந்திருக்கும்? ஒரு இலாகா எழுதி வைத்ததை மற்றொரு இலாகா படிக்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அபராதம் மாத்திரம் உயிரோடிருக்கிற கூலிக்காரன் கட்ட வேண்டுமா?

“காகிதம் வைத்துக்கொள்ளாதது அவன் குற்றம்தானே?” என்று சில படித்த தோழர்கள் கேட்கிறார்கள். காகிதம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை பிறந்த நாழிகை, நட்சத்திரம், ராசி, லக்கினம் எல்லாம் கட்டம் போட்டு எழுதிய ஜாதகம் நம்மில் எத்தனையோ வீட்டில் மஞ்சள் தடவிப் பெட்டியில் இருக்கிறது. பிறப்புச் சர்டிபிகேட் எங்கே என்றால் விழிக்கிறார்கள்! ஜோசியனுக்குத் தட்சணை கொடுத்து எழுதின காகிதம் தாலூகா ஆபீசில் செல்லாது. செல்லக்கூடிய காகிதமோ எழுதப்படவே இல்லை. பெண்கள் கதி இதைவிட மோசம். பிறந்த வீட்டில் ஒரு இனிஷியல், புகுந்த வீட்டில் வேறொரு இனிஷியல். ஒரு காகிதத்தில் முத்தம்மாள், மற்றொன்றில் முத்தம்மா, இங்கிலீஷில் எழுதும்பொழுது மூன்றாவது மாதிரி. ஒரு எழுத்துப் பிசகினால் அவள் வேறு ஆளாகிவிடுகிறாள்! நம்முடைய ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்தில் மில்லுக்கும், பட்டாசுக் கம்பெனிக்கும், திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? பகல் 11 மணிக்குக் கதவைத் தட்டினால் கூலிக்காரன் வீட்டில் எப்படி இருப்பான்? குஜராத்தில் கிர் காட்டுக்குள் பானேஜ் என்னும் இடத்தில் ஒரே ஒரு ஓட்டருக்காக, அதாவது ஒரு கோவில் பூசாரிக்காக, எலக்ஷன்தோறும் ஓட்டுச்சாவடி போட்டார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், ஒரு பூசாரிக்காகச் சிங்கம் உலாவும் காட்டுக்குள் போக முடிந்த இலாகாவுக்கு, ஒரு கூலிக்காரன் வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வருவது பெரிய கஷ்டமா?

காகிதம் கேட்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி ஜில்லாக்களிலிருந்து போன நமது ஜனங்கள் அங்கே காடு திருத்தித் தேயிலை போட்டார்கள். 1931-ல் வயது வந்தோருக்கு ஓட்டு வந்தபொழுது அவர்களில் பலருக்கும் ஓட்டுக் கிடைத்தது. 1948-ல் ஒரு சட்டம் வந்தது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா, உன் பாட்டன் அங்கே பிறந்தானா, ருஜு எங்கே என்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு யார் சர்டிபிகேட் எழுதி வைத்தார்கள்? இலட்சக்கணக்கான பேர் ஒரே அடியில் நாடற்றவர்களானார்கள். மறு வருஷமே ஓட்டும் போயிற்று. 1964-ல் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை லட்சம் பேர், எனக்கு இத்தனை லட்சம் பேர் என்று ஆடு மாடு பங்கு போடுவதுபோல் பங்கு போட்டார்கள். அந்த வழக்கு முழுதும் தீர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஓட்டு இல்லாதவனுக்காக எந்த மந்திரியும் வாய் திறக்க மாட்டான் என்பது அங்கே கண்ட பாடம்.

இனி வைத்தியத்தைப் பார்ப்போம். இதிலும் கட்சிச் சண்டைதான். 2009-ல் கலைஞர் பேரால் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறிற்று. 2012-ல் முதலமைச்சர் பேரால் வேறு திட்டம் வந்தது. 2018-ல் பிரதம மந்திரி பேரால் டில்லித் திட்டம் வந்து அதோடு சேர்ந்தது. 2020 டிசம்பரில் “அம்மா மினி கிளினிக்” என்று 2,000 திறப்பதாய்ச் சொன்னார்கள். அடுத்த ஆட்சி அதை மூடிற்று. மேற்கு வங்காளம் 2019-ல் டில்லித் திட்டத்திலிருந்து விலகிற்று. டில்லிப் பட்டணத்து சர்க்காரோ, கட்சி மாறின பிறகு 2025-ல்தான் அதில் சேர்ந்தது. சுரத்தில் கிடக்கிறவன் மாத்திரையில் யார் முகம் அச்சடித்திருக்கிறது என்றா பார்க்கிறான்?

பேர்ச் சண்டை போகட்டும். காப்பீடு என்பது ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்குத்தான். தினம் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் விழுங்குகிற மாத்திரைக்கு அது உதவாது. அந்தப் படுக்கைக்கும் ரேஷன் கார்டு வேண்டும், ஆதார் வேண்டும், வருமானச் சர்டிபிகேட் வேண்டும். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் வருமானம் என்று விதித்தார்கள், பிறகு 1,20,000 ஆக்கினார்கள். நோய் வருவதற்கு முன் தன் தரித்திரத்தை ருஜுப்பித்து, கோபுர முத்திரை போட்ட காகிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்! ஓட்டர் ஜாபிதாவில் விலாசத்தில் இல்லாதவன் என்று யாரை அடிக்கிறார்களோ, அவனேதான் இங்கேயும் கார்டில் பேர் ஒத்துவரவில்லை என்று திரும்பிப் போகிறவன்.

நம்முடைய மடவார் வளாகத்துச் சாமிக்குப் பேரே வைத்தியநாதர். பிரசவ வேதனையில் துடித்த ஒரு ஏழைப் பெண்ணுக்குச் சிவனே மருத்துவச்சியாய் வந்து பிள்ளைப்பேறு பார்த்ததாகவும், திருமலை நாயக்கரின் வயிற்றுவலி இங்கேதான் தீர்ந்ததாகவும் ஸ்தல புராணம் அளக்கிறார்கள். அந்தப் புளுகைச் செய்தவன்கூட, சாமி அந்தப் பெண்ணிடம் வருமானச் சர்டிபிகேட் கேட்டதாக எழுதத் துணியவில்லை! வைத்தியநாதர் மறுபடி வந்து பிரசவம் பார்க்க மாட்டார் என்பது அவருக்குப் பூசை செய்கிறவர்களுக்கே தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். 2018-20 கணக்குப்படி, லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் செத்தார்கள், தமிழ் நாட்டில் 54 பேர். இந்த வித்தியாசம் எந்த அபிஷேகத்தால் வந்தது? கிராமத்து நர்சும், ஆரம்ப சுகாதார நிலையமும், 1994 முதல் சர்க்காரே மருந்தை மொத்தமாய் வாங்கி ஊர் ஊராய் அனுப்புகிற ஏற்பாடும் அல்லவா காரணம்? அவை ஜாதி கேட்காமல், சர்டிபிகேட் கேட்காமல் நடந்ததால் அல்லவா பலித்தன?

“எல்லாருக்கும் சும்மா கொடுத்தால் பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். 1946-லேயே போர் கமிட்டி, பணம் கொடுக்கச் சக்தியில்லை என்பதற்காக ஒருவனுக்கும் வைத்தியம் இல்லாமற் போகக்கூடாது என்று அறிக்கை கொடுத்தது. யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த இங்கிலாந்து, 1948-ல் எல்லாருக்கும் பொது வைத்தியம் என்று ஆரம்பித்தது. ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் விலைக்குள் வரி கொடுக்கிறவன் ஏழை. வரி வாங்கும்பொழுது எந்தக் கடையிலாவது அவனிடம் அடையாளச் சீட்டு கேட்கிறார்களா? கொடுக்கும்பொழுது மாத்திரம் ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

1. ஜாபிதாவில் ஏற்கனவே உள்ள ஒருவனை நீக்க வேண்டுமானால், காரணத்தை ருஜுப்பிக்கும் பொறுப்பு நீக்குகிறவனுடையது. முன் நோட்டீசும் விசாரணையும் வேண்டும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு லால் பாபு உசேன் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை நடத்திக் காட்டட்டும்.

2. பிறப்பு, இறப்புப் புஸ்தகத்தைப் பார்த்துச் சர்க்காரே பேரைச் சேர்க்கட்டும், சர்க்காரே நீக்கட்டும். காகிதம் இல்லாதவனுக்குக் காகிதம் செய்து கொடுப்பது சர்க்கார் வேலை.

3. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைகிறவனிடம் “என்ன நோய்?” என்பதற்கு முன் வேறு எதையும் கேட்கக்கூடாது. காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும் பணத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலும் டாக்டரும் வரட்டும்.

தோழர்களே! கேட்பதோடு நிற்கவும் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் படித்த வாலிபர்கள் இரண்டு பேர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போங்கள். பேர் இல்லாதவருக்கு 6-ம் நம்பர் படிவம், பேரோ விலாசமோ தப்பாய் இருந்தால் 8-ம் நம்பர் படிவம் எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பெண்களின் பேரை எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதச் செய்யுங்கள். பிள்ளை பிறந்தால் ஜோசியன் வீட்டுக்குப் போகிற காலை முனிசிபல் ஆபீசுப் பக்கம் திருப்பி, 21 நாளைக்குள் பதிந்துவிட்டு வாருங்கள். ஜாதகக் கட்டத்தில் எந்தக் கிரகம் உச்சத்தில் இருந்தாலும், ஜாபிதாவில் பேர் இல்லாதவனைத் தேடி எந்தக் கட்சிக்காரனும் வரமாட்டான். வராதவனிடம் ஆஸ்பத்திரி கேட்பது எப்படி?